கீழ்த்தளத்துத் தண்ணீர் பம்பின் சத்தம் மேல்மாடிப் படுக்கையறையில் கேட்பது ஏன்? அதை எப்படி அளக்கிறார்கள்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் அடுக்குமாடிகளில் பலரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் இது. பம்பின் அதிர்வு கான்கிரீட், குழாய் வழியாக ஏறி, உங்கள் அறைச் சுவரை அசைத்து ஒலியாவதே கட்டமைப்புவழி ஒலி. கெட்டியான கான்கிரீட் அதிர்வை அதிகம் விழுங்காமல் கடத்திவிடும். பிளெண்டரை மேசைமேல் ஓட்டினால் பக்கத்துத் தம்ளர்களும் கிணுகிணுக்கும். கையில் தூக்கிப் பிடித்தால் மேசை அடங்கிவிடும்.

ஆகவே பம்பின் அருகே காற்றில் கேட்கும் சத்தத்தை மட்டும் அளப்பது போதாது. ஆய்வகத்தில் இயந்திரத்தைத் தடித்த கான்கிரீட் பலகையில் பொருத்தி, பல இடங்களில் அதிர்வுமானி ஒட்டி, பலகைக்குள் இறங்கும் ஆற்றலைக் கணக்கிடுவார்கள். வீட்டிலோ, பம்பை ஓடவிட்டும் நிறுத்தியும் அறையின் ஒலியை அளந்து ஒப்பிடுவார்கள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. அதில் நேரடியாக ஓடும் மோட்டாரின் காந்த முனகல் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் தனித்துத் தெரியும்.

படுக்கையறைச் சுவரில் ஸ்பான்ஜ் ஒட்டினால் தீரும் என்று பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள்; அது எதிரொலியைத்தான் குறைக்கும், ரப்பர் தாங்கி வேண்டியது பம்பின் அடியிலும் குழாய்ப் பிடிப்புகளிலும்.