“புரிஞ்சுது மிஸ்” என்பதை நம்பலாமா?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது மிஸ்” என்கிறது. தேர்வு வைத்தால் தசம எண்களில் பாதிப் பேர் தப்பு. மதிப்பீட்டை எப்படிச் செய்வது? பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வை நடத்தி, அதன் ரெக்கார்டு வேறு முடிக்க வேண்டும்.

பதில்: முதலில் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். நாற்பது பேர் நடுவில் எழுந்து “இல்லை மிஸ்” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அதைவிடப் பெரிய சிக்கல், தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை புரிந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை.

தசம எண்ணையே எடுத்துக்கொள்வோம். 0.6, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். சிலர் 0.45 என்பார்கள். புள்ளியை மறந்துவிட்டு 45-ஐ 6-உடன் ஒப்பிடுகிறார்கள். அடுத்து 0.3, 0.45 கொடுங்கள். அதே பிள்ளைகள் 0.45 என்று சரியாக எழுதிவிடுவார்கள், அதே தப்பான வழியில்! இந்த இரண்டாவது கேள்வியை மட்டும் வைத்திருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பீர்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று கேட்டதை வைத்து, புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று முடிவு கட்டியவர்கள். இவர்களுக்கு முதல் கேள்வி சரியாக வரும், இரண்டாவது தப்பாகும். மூன்றாவதாக 0.6, 0.60 கொடுத்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். இரண்டும் சமம் என்று எழுதுகிறவர்களை ஓரளவு நம்பலாம்.

இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் துண்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ஏன்?’ என்று ஒரு வரி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்த வேண்டாம், தப்பின் வகையைப் பார்த்துத் தாள்களைப் பிரித்தாலே போதும். மறுநாள் நூறு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து 0.6-க்கும் 0.45-க்கும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அறுபது கட்டமும் நாற்பத்தைந்து கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் அதிகம் பேசவே வேண்டியிருக்காது. அப்புறம் 0.3-க்கும் தீட்டச் சொன்னால் இரண்டாவது கூட்டத்துக்கும் விடை கிடைத்துவிடும். ரூபாய், பைசா உதாரணத்தில் மட்டும் கவனம் தேவை: 2.5 ரூபாயை இரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கிற பிள்ளைகள் நிறைய.

துண்டுத் தாளில் மதிப்பெண் போடாதீர்கள். உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேல் பள்ளி மாணவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், தங்கள் விடையைப் பற்றி எழுதித் தந்த குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைக் கண்டதும் பிள்ளைகள் பக்கத்துப் பையனுடைய எண்ணைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள், வேறென்ன?

சரி, பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டுமே என்பீர்கள். ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்கான பாதி பல இடங்களில் கடையில் வாங்கிய படத்தை ஒட்டிய சார்ட்டுக்குப் போய்விடுகிறது. அதில் கணக்கு எங்கே இருக்கிறது? வேண்டுமென்றே தப்பாகச் செய்த ஒரு கணக்கைக் கொடுத்து, பிழை எங்கே, ஏன் என்று இருவர் இருவராகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதுவும் செயல்பாடுதான், செலவும் இல்லை. வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவேடு அவர் பொறுப்பு.

கடைசியாக ரெக்கார்டு. வினாத்தாளை எழுதிவிட்டு அதற்கேற்ற மாதிரி ப்ளூ பிரிண்ட்டை (எந்தப் பாடத்திலிருந்து எந்த வகை வினா, எத்தனை மதிப்பெண் என்ற திட்ட அட்டவணை) நிரப்புவதுதான் நடைமுறை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவையாவது ப்ளூ பிரிண்ட்டை முதலில் போட்டுப் பாருங்கள். நினைவில் வைத்து எழுதினால் போதும் என்கிற அறிதல் வகை வினாக்களே தாளை அடைத்துக்கொள்வது அப்போதுதான் கண்ணில் படும். சராசரி, திட்ட விலக்கம், நிகழ்வுச் செவ்வகம் எல்லாம் கேட்ட இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றைவிட உங்களுக்கு உதவப்போவது ஒரே ஓர் அட்டவணை: எந்த வினாவை எத்தனை பேர் தப்பவிட்டார்கள், தப்பாக என்ன எழுதினார்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டறியும் குறையறி சோதனைக்கான வினாக்களை அதிலிருந்தே எடுக்கலாம். சீனியர் அக்காவின் ரெக்கார்டைத் தேடி அலைய வேண்டாம்.