விஎஃப்எக்ஸ் படிக்க வைக்கலாமா என்று கேட்கும் அப்பாவுக்கு

சார், மகளை விஎஃப்எக்ஸ் (சினிமாவில் கம்ப்யூட்டரால் உருவாக்கும் காட்சி வேலை) படிக்க வைக்கலாமா என்று கேட்ட உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஹாலிவுட் வேலையெல்லாம் இப்போது இந்தியாவுக்குத்தான் வருகிறது, படித்து முடித்ததும் வேலை கையில் என்று பயிற்சி நிறுவனத்தில் சொன்னார்கள். ஆனால் செய்தியைத் திறந்தால் பெரிய பெரிய ஸ்டுடியோக்கள் மூடுகின்றன, அமெரிக்காவில் வரி போடப் போகிறார்கள் என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் இந்தத் தொழிலில் பணம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒரு படத்துக்கு 400 ஷாட்டில் விஎஃப்எக்ஸ் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து ஸ்டுடியோக்கள் விலை சொல்லும், பெரும்பாலும் குறைத்துச் சொன்னவருக்கு வேலை போகும். சொன்ன விலை சொன்னதுதான். நடுவில் இயக்குநர் மனம் மாறி, டிராகனின் தோலை ஏழாவது முறையாக மாற்றச் சொன்னால் அந்தச் செலவில் பெரும்பகுதியை ஸ்டுடியோதான் சுமக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சண்டை போட்டால் அடுத்த படம் வராது. வாடிக்கையாளர்கள் என்று பார்த்தால் உலகத்திலேயே ஒரு கைப்பிடிப் பெரிய தயாரிப்பு நிறுவனங்கள்தான். லாபம் சில சதவீதத்தில் நிற்கும். செலவில் முக்கால்வாசி ஆட்களின் சம்பளம். அப்படியென்றால் விலையைக் குறைக்க என்ன வழி? சம்பளம் குறைவான இடத்துக்குப் போக வேண்டும், அல்லது சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே திருப்பித் தரும் இடத்துக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டாவது வழியைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவிலிருந்து வேலை போனது இந்தியாவின் மலிவுச் சம்பளத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயர்மட்ட வேலையில் பெரும்பகுதி போனது லண்டன், கனடாவின் வான்கூவர், மொன்ட்ரியால் பக்கம், அங்கெல்லாம் சம்பளம் ஒன்றும் மலிவு கிடையாது. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் தன் தலைமை அலுவலகத்தையே 2014-ல் வான்கூவருக்கு மாற்றியது. காரணம் வரிச்சலுகை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் விஎஃப்எக்ஸ் செலவுக்கு 39 சதவீதச் சலுகை கோரலாம். அதன்மேல் விழும் வரியைக் கழித்தாலும் 29 சதவீதத்துக்குச் சற்று மேல் கைக்குத் திரும்பி வருகிறது. ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு 30 சதவீதம், சில மாநிலங்கள் அதற்கு மேலும் தருகின்றன. கனடாவில் மத்திய அரசு ஒரு பங்கு, மாகாண அரசு ஒரு பங்கு. இந்தியாவும் சும்மா இல்லை, வெளிநாட்டுத் தயாரிப்புகள் இங்கே செய்யும் செலவில் 40 சதவீதம் வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு திருப்பித் தருவதாக 2023 நவம்பரில் அறிவித்தது.

பணம் யார் பெயரில் வந்தாலும் அதன் பலன் கடைசியில் போய்ச் சேர்வது படத்தின் தயாரிப்பாளரிடம்தான். இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பத்து ஸ்டுடியோக்கள் போட்டி போடும்போது ஒருவருக்குக் கிடைத்த மிச்சம் அடுத்த டெண்டரில் விலைக் குறைப்பாகக் கரைந்துவிடும், மலிவான ஊரில் கிளை திறந்தாலும் இதே கதைதான். ரிதம் அண்ட் ஹியூஸ் என்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோ இருந்தது, 1987-ல் தொடங்கியது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கோலாலம்பூரிலும் வான்கூவரிலும் கிளைகள் வைத்திருந்தது. மலிவு, மானியம் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டார்கள், இரண்டு வாரத்துக்குள் அதே படத்துக்காக ஆஸ்கர் மேடை ஏறினார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நன்றி சொன்னவர் தங்கள் நிறுவனத்தின் நிலையைச் சொல்ல ஆரம்பித்ததும் இசையை ஏற்றிப் பேச்சை நிறுத்தினார்கள்.

அதே படத்தில் கப்பல் மூழ்கும் காட்சியைச் செய்தது எம்பிசி. அது லண்டன் நிறுவனம், பின்னாளில் வேறு படங்களுக்கும் ஆஸ்கர் வாங்கியது. 2025 பிப்ரவரியில் அதன் தாய் நிறுவனமான டெக்னிகலருக்குப் பணம் போட ஆள் கிடைக்காமல் எல்லாம் சரிந்தது. அந்தச் சரிவில் பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். கவனியுங்கள், அவர்கள் செய்த வேலையில் குறை ஒன்றும் சொல்லப்படவில்லை. மலிவான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு எழுதிய இடம் வேறு, அங்கே கடன் முற்றியது, இங்கே கதவு மூடியது. "வேலை இந்தியாவுக்கு வருகிறது" என்று பயிற்சி நிறுவனத்தில் சொல்லும்போது இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையில்லை.

வந்த வழியிலேயே வேலை திரும்பிப் போகவும் செய்யும். மொன்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணம் ஒரு பட்ஜெட்டில், விஎஃப்எக்ஸ் ஒப்பந்தச் செலவில் 65 சதவீதம் வரைதான் சலுகைக்குக் கணக்கில் வரும் என்று மாற்றியது. 2024 மே கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் 2023-ல் செய்த வேலைநிறுத்தத்தால் ஏற்கெனவே படங்கள் குறைந்திருந்த நேரம் அது, மொன்ட்ரியாலில் ஸ்டுடியோக்கள் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் குறைத்தன. சிங்கப்பூரைப் பாருங்கள். ஏறக்குறைய 20 ஆண்டு அங்கே இருந்த ஐஎல்எம் என்ற அமெரிக்க விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ, 2022-ல் மும்பையில் ஸ்டுடியோ திறந்தது. 2023-ல் சிங்கப்பூர்க் கிளையை மூடுவதாக அறிவித்தது. இன்று மும்பைக்கு லாபமாகத் தெரிவது நாளைக்கு வேறு ஊருக்கு லாபமாகலாம்.

டிரம்ப் வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டில் எடுக்கும் படங்களுக்கு 100 சதவீத வரி என்று 2025 மே மாதம் அறிவித்தார், செப்டம்பரில் திரும்பவும் சொன்னார். துணிமூட்டை மாதிரி துறைமுகத்தில் நிறுத்தி வரி போட இதில் ஒன்றும் இல்லை. ஒரு ஷாட் கோப்பாக இணையத்தில் போகிறது, ஒரே ஷாட்டில் நான்கு நாட்டு ஆட்கள் கை வைத்திருப்பார்கள். மின்னணுப் பரிமாற்றத்துக்குச் சுங்கவரி போடுவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998-ல் ஒப்புக்கொண்டு அதைப் பலமுறை நீட்டித்தும் இருக்கின்றன. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளின் வேலைக்கு வரியைவிடப் பக்கத்தில் ஒரு ஆபத்து நிற்கிறது, நான் பயப்படுவது அதற்குத்தான்.

வெளிநாட்டு ஸ்டுடியோக்கள் இங்கே முதலில் அனுப்பியது ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் ஆகிய மூன்று வேலைகளை. ரோட்டோ என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் நடிகரின் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பிரித்தெடுப்பது. பெயின்ட் என்றால் கம்பி, கயிறு, மைக் போன்றவற்றை அழிப்பது. மேட்ச்மூவ், கேமரா எப்படி நகர்ந்தது என்று கணக்கிட்டு கம்ப்யூட்டரில் அதே நகர்வை உருவாக்குவது. பொறுமை நிறைய வேண்டும், கலை ரீதியான முடிவு குறைவு, ஆகவே மலிவாகச் செய்யும் இடத்துக்கு அனுப்பினார்கள். இதில் ஒரு விஷயம் என்னவென்றால், லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தொழில் கற்றுக்கொண்டதும் இதே வேலையில்தான். ஒரு வருடம் ரோட்டோ செய்தவனுக்கு ஒரு ஷாட்டின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும், அங்கிருந்து காம்பாசிட்டிங், அதாவது தனித்தனியாகச் செய்த படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலைக்குப் போவான். அது கடல் தாண்டியதும் அங்கே புதியவர்களுக்கு ஏணியின் கீழ்ப்படி இல்லாமல் போனது. அந்தப் படி இங்கே வந்தது, சென்னை, ஹைதராபாத், மும்பை, பெங்களூர் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதில் கால் வைத்து ஏறினார்கள்.

இப்போது அந்தப் படியையே மென்பொருள் அரிக்கிறது. காம்பாசிட்டிங்குக்கு எல்லோரும் பயன்படுத்தும் நியூக் என்ற மென்பொருளில் 2021-லேயே, சில ஃபிரேமை மட்டும் நாம் செய்து காட்டினால் மிச்சத்தைத் தானே செய்யப் பழகும் கருவி வந்துவிட்டது. முடி பறக்கும், புகை கலந்த ஷாட்டில் இன்னும் மனிதக் கை வேண்டும், அதை மறுக்கவில்லை. எளிதான ஷாட்டுகள் குறையும், எளிதான ஷாட்டுகள்தான் புதியவர்களுக்குக் கொடுப்பவை. "ஆறு மாதத்தில் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட், வேலை உறுதி" என்று ஒரு கோர்ஸ் விற்கிறார்கள் என்றால், அந்தப் பணத்தை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பதே மேல். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும்.

சரி, அப்படியானால் இந்தப் பக்கமே போக வேண்டாமா? போகலாம், ஆனால் உங்கள் மகள் எந்த அளவுக்கு இதை விரும்புகிறாள் என்று பணம் கட்டாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் முழுக்க இலவசம். ஹௌடினி என்ற எஃபெக்ட்ஸ் மென்பொருளுக்குக் கற்பவர்களுக்கென்று இலவசப் பதிப்பு இருக்கிறது, நியூக்குக்கும் வணிக நோக்கமில்லாத பதிப்பு உண்டு. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து, தன் போனில் எடுத்த ஒரு வீடியோவில் ஒரே ஒரு பொருளை, மேஜை மேல் இல்லாத ஒரு கண்ணாடி டம்ளரை, நிஜம் போல வைக்கச் சொல்லுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழும், ஒளி எப்படி உடையும், கேமரா ஆடும்போது டம்ளர் ஏன் வழுக்குகிறது என்று அவள் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டால் நல்ல அறிகுறி. இரண்டாம் வாரமே வேறு வீடியோ பார்க்கப் போய்விட்டால் அதுவும் பதில்தான், செலவில்லாமல் கிடைத்த பதில்.

ஆர்வம் நின்றால், பட்டப்படிப்பை விட வேண்டாம். இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர், ஓவியம் எதுவானாலும் பரவாயில்லை, மென்பொருள் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், இவை மாறாது. தண்ணீர், நெருப்பு, இடிந்து விழும் கட்டிடம் இவற்றைச் செய்யும் எஃபெக்ட்ஸ் பிரிவில் வெக்டரும் திரிகோணமிதியும் தினசரிச் சாப்பாடு. பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பைப்லைன் வேலை இருக்கிறது: ஒரு ஷாட் நான்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது கோப்பு தொலையாமல், நிறம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலை எந்த நாட்டுக்குச் சிதறினாலும் அதை ஒட்ட வைக்க இவர்கள் வேண்டும், அதனால் இந்தப் பக்கத்தைப் பெண்பிள்ளைகளிடமும் நான் தயங்காமல் சொல்வேன் (இன்னும் சிலர் "அது பையன்களுக்கு" என்கிறார்கள், என்ன சொல்வது). லைட்டிங்கிலும் காம்பாசிட்டிங்கிலும் கண் தேர்ந்தவர்களுக்கும் மதிப்புக் குறையவில்லை. இயக்குநர் "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொன்னால், எது சரியில்லை என்று கண்டுபிடிப்பவர்தான் சீனியர். இதே திறமை விளம்பரம், கேம், கார் வடிவமைப்பு, கட்டிடக் காட்சிப்படுத்தல் எல்லாவற்றுக்கும் செல்லும், அதனால் சினிமா ஒன்றையே நம்பி நிற்க வேண்டியதில்லை.

பயிற்சி நிறுவனத்துக்குப் போகும்போது "பிளேஸ்மென்ட் உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். போன வருடம் முடித்த பிள்ளைகளின் ஷோரீலை, அதாவது தாங்கள் செய்த வேலையைத் தொகுத்த வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு பேரின் தொடர்பு கேளுங்கள், எந்தப் பிரிவில் சேர்ந்தார்கள், ஒரு வருடம் கழித்தும் அங்கேதான் இருக்கிறார்களா என்று அவர்களிடமே விசாரியுங்கள். சொல்லிக்கொடுப்பவர் கடைசியாக எப்போது ஸ்டுடியோவில் வேலை பார்த்தார் என்பதும் முக்கியம். "லைவ் புராஜெக்ட்", அதாவது படிக்கும்போதே வாடிக்கையாளரின் வேலையைச் செய்ய வைப்போம் என்று சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். அமெரிக்காவில் டிஜிட்டல் டொமைன் என்ற பெரிய நிறுவனம் ஃப்ளோரிடாவில் ஒரு கல்லூரித் திட்டத்தோடு ஸ்டுடியோ தொடங்கியபோது, தங்கள் ஆட்களில் ஏறக்குறைய 30 சதவீதம் மாணவர்களாக இருப்பார்கள், அவர்கள் சம்பளம் வாங்க மாட்டார்கள், நமக்குக் கட்டணம் கட்டுவார்கள் என்று அதன் தலைவர் பெருமையாகவே பேசினார். 2012-ல் அந்த நிறுவனம் திவாலானது. பிள்ளை செய்யும் வேலைக்கு வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார் என்றால், பிள்ளைக்கும் அதில் பங்கு வர வேண்டும், குறைந்தது படத்தில் பெயராவது வர வேண்டும்.

வேலை கிடைத்த பிறகும் இது மாதச் சம்பளக் குடும்பத்தின் கணக்கில் வராத தொழில். ஒரு படம் முடிந்தால் ஒப்பந்தம் முடியலாம். டெட்லைன் நெருங்கினால் வாரம் ஏழு நாளும் உட்கார வைப்பார்கள், மிகைநேரச் சம்பளம் எல்லா இடத்திலும் வராது. ஹாலிவுட்டிலேயே மார்வெல் நிறுவனத்தின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் 2023-ல்தான் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் முதல் சம்பளத்திலிருந்தே வர வேண்டும். இந்தக் காரணத்துக்காகத்தான் பெரிய கல்விக்கடன் வேண்டாம் என்கிறேன். தவணை மாதாமாதம் வரும், வேலை அப்படி வராது.

வெளிநாடு போய் வேலை செய்யலாமா என்பதற்குச் சுருக்கமாகச் சொன்னால், புதியவர்களை விசா கொடுத்து அழைப்பது அரிது, ஐந்தாறு வருட அனுபவமும் நல்ல ஷோரீலும் இருந்தால் பார்க்கலாம். இப்போதே அதற்கென்று லட்சக்கணக்கில் கட்டி வெளிநாட்டு டிப்ளமோ எடுக்க வேண்டாம்.

அந்த டம்ளர் ஷாட்டை முதலில் செய்யட்டும். முடிந்ததும் எப்படிச் செய்தாள் என்ற படிப்படியான பிரிப்போடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நன்றாக வராவிட்டாலும் அனுப்பலாம். பயிற்சி நிறுவனத்தில் இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடி என்று சொன்னார்கள் என்றீர்களே, அடுத்த மாதமும் சொல்வார்கள்.