‘ஃபைன்’ என்றால் நலமா, அபராதமா?
இரண்டும்தான். நலமாக இருந்தாலும் ‘ஃபைன்’, ஹெல்மெட் போடாமல் மாட்டினால் கட்டுவதும் ‘ஃபைன்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே: முடிவு என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல். இடைக்கால இங்கிலாந்தில் பணம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். மளிகைக் கடை பாக்கியைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பது போல. அந்தப் பணமே அபராதம் ஆனது.

இன்னொரு கிளை இதைவிட அழகு. குறையில்லாமல் முடித்தது உயர்தரமானது. அப்புறம் மெல்லியது, நுண்ணியது. பொடி மணலும் ஃபைன், இழை நூலும் ஃபைன், கூரிய பேனா முனையும் ஃபைன்.

“காபி வேண்டுமா?” என்றதற்கு ஒருவர் “ஐ ஆம் ஃபைன்” என்றால், சரி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அதன் பொருள் ‘பரவாயில்லை, வேண்டாம்’.