கழுத்துத் தண்டுவட அழுத்தம்: அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை? (கேள்வி பதில்)

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

திருநெல்வேலி வாசகர்: அம்மாவுக்கு வயது 61. ஐந்தாவது, ஆறாவது கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையில் தண்டுவடம் அழுந்தியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. கழுத்து வலியே இல்லை. ஆனால் சில மாதங்களாகப் புடவைக் கொசுவம் பிடிக்க முடிவதில்லை. செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை. வலி இல்லாதவருக்கு அறுவை சிகிச்சை எதற்கு?

பதில்: வலியை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. தண்டுவடத்திலிருந்து கைக்குப் பிரியும் நரம்பின் வேர் அழுந்தினால் கைக்கு இறங்கும் வலி தூங்க விடாது. தண்டுவடமே அழுந்தும்போது பலருக்கு வலி இருப்பதில்லை, விரல்களின் நுட்பமும் நடையின் நிதானமும்தான் முதலில் குறைகின்றன. கொசுவத்தையும் செருப்பையும் பற்றி நீங்கள் எழுதியது ஸ்கேன் அறிக்கையைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

கையை முழுதாக விரித்து மூடச் சொல்லிப் பத்து விநாடி எண்ணிப் பாருங்கள். இருபது தடவைக்குக் குறைந்தால் தண்டுவடப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் நடுவிரல் நுனியைச் சுண்டி, கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பார். ஒரு காலின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். பிறகு கை, கால், தொடுஉணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சேர்த்து 18 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவார்: 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு, 12 முதல் 14 வரை மிதமானது, அதற்கும் கீழே கடுமையானது. மிதமான, கடுமையான நிலைகளுக்கு 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள் அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கின்றன.

சர்க்கரையும் பி12 குறைவும் இதே போன்ற மரத்துப்போதலைத் தரும் என்பதால் அவற்றையும் சோதித்துவிடுங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி நாள் கடத்தாதீர்கள். அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் நிலைமை மேலும் மோசமாகாமல் தடுப்பது. இழந்ததில் ஒரு பகுதி பலருக்குத் திரும்புகிறது. நெடுங்காலம் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைகிறது.

கோவை வாசகர்: எனக்கும் அதே அறிக்கைதான். ஆனால் கை கால்களில் எந்தக் குறையும் இல்லை.

பதில்: மருத்துவர் சோதித்தும் குறை தெரியவில்லை என்றால் இப்போது அறுவை சிகிச்சை வேண்டாம். ஸ்கேனில் அழுத்தம் தெரிந்தும் நலமாக வாழ்பவர்கள் பலர். கைக்கு இறங்கும் நரம்பு வலி தொடங்கினால் அடிக்கடி பரிசோதனைக்கு வர வேண்டும். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இந்த ஸ்கேனைக் காட்டுங்கள். முடி திருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

மதுரை வாசகர்: எந்தத் தலையணை நல்லது?

பதில்: வசதியாக இருப்பது எதுவானாலும் சரி. தலையணையால் தண்டுவட அழுத்தம் குறையாது.

சேலம் வாசகர்: காலர் போட்டால் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாமா? சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாமா?

பதில்: தலையணையைப் போலவே கழுத்துக் காலராலும் தண்டுவட அழுத்தம் குறையாது. சுளுக்கு எடுப்பவரிடம் போகவே கூடாது. ஏற்கெனவே நெருக்கப்பட்ட தண்டுவடம் ஒரே திருகலில் நிரந்தரமாகச் சேதமடையலாம்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர்: லேசான நிலையில் இருப்பவர்களையும் நீங்கள் அச்சுறுத்துவதாகத் தோன்றுகிறது. பயிற்சியோடு கண்காணித்தால் பலர் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கிறார்கள். அதே 2017 வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறதே?

ஈரோடு வாசகர்: அவர் சொல்வது சரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அண்ணனால் தோளைத் தூக்க முடியாமல் போயிற்று.

பதில்: இருவரும் எழுப்பியது முக்கியமான கேள்வி. லேசான நிலையில் அறுவை சிகிச்சை, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி ஆகிய இரண்டுமே ஏற்கப்பட்டவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழிகாட்டுதல், நிலை மோசமானால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும், முன்னேற்றம் இல்லாவிட்டாலும் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் நான் காண்பது வேறு: பயிற்சிக்குப் போனவரை யாரும் மறுபடி அளப்பதில்லை, சட்டைப் பொத்தானைப் போட மனைவி உதவத் தொடங்கியதைக்கூட அவர் மாற்றமாகக் கருதுவதில்லை. குறித்த இடைவெளியில் ஒரே மருத்துவர் கையையும் நடையையும் அளந்து எழுதிவைத்தால்தான் அதற்குக் கண்காணிப்பு என்று பெயர். அப்படிச் செய்பவர் என்றால், ஐயா, உங்களிடம் என் நோயாளிகளை மனமுவந்து அனுப்புவேன்.

ஈரோடு அன்பருக்கு: அது ஐந்தாம் கழுத்து நரம்பின் தற்காலிகப் பலவீனமாக இருக்கலாம். நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வருவது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிறது. இதை அறுவைக்கு முன்பே உங்கள் குடும்பத்திற்கு விளக்கியிருக்க வேண்டும்.

திருச்சி வாசகர்: முன்பக்கமாகச் செய்வது நல்லதா, பின்பக்கமாகவா?

பதில்: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) ஓரிரு இடங்களில் அழுத்தினால் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கம். பல இடங்களில் குறுகியிருந்து, கழுத்தின் இயல்பான வளைவும் குலையாமல் இருந்தால் பின்பக்கம். 1970-களில் ஜப்பானில் உருவான, முள்ளெலும்பின் பின்புற வளையத்தைக் கதவுபோல் திறந்து இடம் உண்டாக்கும் முறை அதில் ஒன்று.

கரூர் வாசகர்: எந்தத் தலையணை என்று…

பதில்: மேலே பாருங்கள்.

தஞ்சை வாசகர்: அப்பா நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இன்று இரண்டு கைகளும் பலவீனமாக இருக்கின்றன, சிறுநீர் வரவில்லை. ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை போகலாமா?

பதில்: திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். அவரை உட்கார வைக்காமல், கழுத்து அசையாதபடி படுத்த நிலையிலேயே, நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.