பார்க்கா வேல்யா 2011: முப்பது வருடம் தாங்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பிறந்தது 2011இல். அந்த ஆண்டின் பார்க்கா வேல்யா என்ற போர்ச்சுகல் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் நண்பர் கொடுத்தார். மகளுக்கு முப்பது வயதாகும் 2041இல் திறக்க ஆசை. இரண்டு வருடமாகக் கூடத்து அலமாரியில் நிற்கிறது. அதுவரை தாங்குமா? எப்படித் திறப்பது?

ரா.

அன்புள்ள ரா.,

முதலில் பாட்டிலைப் படுக்க வையுங்கள். நிற்க வைத்த பாட்டிலில் தக்கை காய்ந்து சுருங்கும். ஓரத்தில் காற்று புகும். அப்படியே கழுத்தையும் பாருங்கள். உறை பிசுபிசுத்தாலோ, தக்கை மேலெழும்பியிருந்தாலோ, ஒயின் மட்டம் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருந்தாலோ 2041 வேண்டாம், இந்த மாதமே திறந்துவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நல்ல நிலவறையில் இந்த ஒயினுக்கு முப்பது ஒரு பெரிய வயதல்ல. போர்ச்சுகலில் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மேல் டோருவில் வெயில் கடுமை. திராட்சை நன்றாகப் பழுத்துத் துவர்ப்பும் கனமும் ஏறும், ஆனால் புளிப்பு குறையும். புளிப்பு இல்லாத சிவப்பு ஒயின் சீக்கிரம் சோர்ந்துவிடும். 1952இல் இதை முதலில் உருவாக்கிய ஃபெர்னாண்டோ நிக்கொலாவ் டி அல்மெய்டா, உயரமான மேடா பக்கத்துத் திராட்சையைச் சேர்த்து அந்தக் குறையை ஈடுகட்டினார். நொதிக்கும் சாறு சூடேறினால் ஈஸ்ட் செத்துவிடும். அன்று தோட்டத்தில் மின்சாரமும் கிடையாது. அதனால் கடற்கரையில் இருக்கும் மட்டுசின்யோஷிலிருந்து லாரியில் பனிக்கட்டி வரவழைத்துக் குளிர்வித்தார். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்னொன்று, பார்க்கா வேல்யா எல்லா வருடமும் வருவதில்லை. இதைத் தயாரிக்கும் காசா ஃபெரைரின்யா நிறுவனத்தில் பாட்டிலில் அடைத்தபின் வருடக்கணக்கில் சுவைத்துப் பார்த்துத்தான் பெயர் சூட்டுவார்கள். தேறாதது ரெசெர்வா எஷ்பெசியல் என்ற வேறு பெயரில் வரும். உங்கள் 2011 கடைக்கு வந்ததே 2020இல்தான். அதாவது முதல் காத்திருப்பை அவர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது திறந்தாலும் அவசரப்பட்டதாக ஆகாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை ஆண்டுக்கணக்கில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. இதற்கு வேண்டியது 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசையாத இடம், 60 முதல் 75 சதவீத ஈரப்பதம். 25 டிகிரியைத் தாண்டினால் வேகமாக மூப்படையும். 30ஐத் தாண்டினால் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். சில கோடைகள் இப்படிப் போனால் கறுப்புப் பழ வாசனை போய், வேகவைத்த உலர்திராட்சை வாசனைதான் மிஞ்சும். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி சில மாதங்களுக்குப் பரவாயில்லை; வருடக்கணக்கில் அதன் வறண்ட காற்று தக்கைக்கு ஆகாது. ஒயினுக்கென்றே உள்ள சிறிய குளிர்பெட்டி வாங்க முடியுமானால் 2041 சாத்தியம். முடியாதென்றால் ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், நல்ல குளிர்பெட்டி இருந்தாலும் 2032ஐத்தான் சொல்வேன்: பழமும் இருக்கும், பதனிட்ட தோலும் புகையிலையும் கலந்த முதிர்ந்த மணமும் வந்திருக்கும். மகளுக்கும் 21 ஆகியிருக்கும்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய தக்கை திருகாணியில் பொடிந்துபோகும். இரண்டு தகடு உள்ள திறப்பானைத் தக்கையின் இருபக்கமும் செருகி, முறுக்கியபடி மெதுவாக இழுங்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் விளக்கை வைத்து, நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சரிவில் டிகாண்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். தோளருகே கருப்பு இழை தெரிந்ததும் நிறுத்துங்கள். அடியில் அரைக் கோப்பை போனால் போகட்டும், அதையும் ஊற்றினால் மொத்தமும் கசக்கும்.

2032இல் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் ஊற்றி வைக்கலாம். 2041இல் என்றால் ஊற்றிய கையோடு பரிமாறுங்கள், முதிர்ந்த மணம் காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும். கோப்பையில் 16 முதல் 18 டிகிரி இருக்கட்டும். நம் வீட்டு அறைச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது தக்கையின் கெடுதி. எத்தனை மணி நேரம் காற்றாட வைத்தாலும் போகாது. அந்த நாளுக்கு மாற்றாக இன்னொரு பாட்டில் கையில் இருக்கட்டும்.