டை அடித்த மறுநாள் கண் இமை வீங்கினால்...

கேள்வி: என் வயது 47. 12 வருடங்களாக ஒரே கறுப்பு ஹேர் டைதான் பயன்படுத்துகிறேன். கடைசி மூன்று முறையும் காதோரம் அரித்தது. போன மாதம் டை அடித்த மறுநாள் காலையில் கண் இமைகள் வீங்கிவிட்டன. வீட்டிலிருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவியதும் குறைந்தது. இனிமேல் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு டை அடிக்கலாமா? டை புற்றுநோய் தரும், ஷாம்பூவில் பாரபென், லிப்ஸ்டிக்கில் ஈயம் என்று வீடியோக்களில் சொல்வதைக் கேட்டுத் தூக்கமே போய்விட்டது.

பதில்: கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டும் கூடாது, போடாமலும் கூடாது. அந்த டை இனி உங்கள் தலையில் படவே வேண்டாம்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது புற்றுநோய் பயம். எனக்குக் கவலை தருவதோ நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன இமை வீக்கம். நிரந்தரக் கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபெனிலீன்டையமின் இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் புகுந்து நிறமாக மாறுகிறது. அதே காரணத்தால் தோலுக்குள்ளும் இறங்குகிறது. '12 வருஷமா ஒண்ணும் செய்யலையே டாக்டர்' என்று எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான் வரும். பழகிய பொருளை உடல் ஒரு கட்டத்தில் எதிரியாகப் பதிவு செய்துவிடும். பதிந்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் அழியாது. உங்களுக்கு முதல் முறை வெறும் அரிப்பு, மூன்றாம் முறை இமை வீக்கம். நான்காவது முறை முகம் முழுக்க வீங்கி, தலையிலிருந்து நீர் வடிந்து தலையணையில் முடி ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வரலாம். அந்தக் கோலத்தில், இரண்டு கண்களையும் திறக்க முடியாமல், கைத்தாங்கலாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டை பட்டது தலையில், வீங்கியது இமையா என்று குழம்ப வேண்டாம். உடலிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். மண்டைத் தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். அதனால் முதலில் காட்டிக்கொடுப்பது இமை, காது மடல், பிடரி. இது புரியாமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டே அடுத்த மாதமும் டை அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். அலர்ஜி மாத்திரை, உடலில் சுரந்து அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுக்கும். டை ஒவ்வாமை பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை. வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து, ஓரிரு நாள் கழித்துக் காட்டும் வேலை அது. மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கையைத்தான் மறைக்கும். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே கண்ணைச் சுற்றித் தடவியது இன்னொரு தவறு. தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், கண் அழுத்தம்கூட ஏறும். தயவுசெய்து இனி வேண்டாம்.

டை போட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, நாக்கோ தொண்டையோ வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றல் என்று வந்தால் அது வேறு கதை. அரிதுதான், ஆனால் நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து. தலையை அலசிக்கொண்டு நிற்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்ற பயங்களை விட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு டை போடுவதைப் புற்றுநோய்க் காரணிகளோடு சேர்க்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. ஷாம்பூவில் அனுமதித்த அளவிலுள்ள பாரபென் கிருமி வளராமல் தடுக்கத்தான். தங்க மோதிரத்தால் லிப்ஸ்டிக்கைத் தேய்த்துக் கறுத்தால் ஈயம் என்ற சோதனை சுத்தப் பொய்.

இனி என்ன வாங்குவது? 'அமோனியா இல்லை', 'ஹெர்பல்' என்று அட்டையில் இருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தமில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். டொலுவீன் டையமின் என்று போட்டிருந்தாலும் வேண்டாம். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. சுத்தமான மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்றால் அதில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே டை ஏறிய முடியை வெட்ட வேண்டியதில்லை. நன்றாகப் பிடித்து அலசிய நிறம் பொதுவாகத் தொந்தரவு தராது.

காதுக்குப் பின்னால் துளி டை தடவி 48 மணி நேரம் பார்க்கும் சோதனை, இதுவரை எந்தத் தொந்தரவும் வராதவர்களுக்கு. நீங்கள் அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருட்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் ஒட்டும் பட்டைகளை இரண்டு நாள் நனையாமல் வைத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். போகும்போது டை அட்டைப்பெட்டி, அந்தக் களிம்பு, வீங்கிய முகத்தின் போட்டோ இருந்தால் அது, எல்லாவற்றையும் கொண்டு போங்கள். பிபிடி ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். ஈறு மரத்துப்போகத் தடவும் பென்சோகெய்ன் ஜெல்லும் சிலருக்கு இதே தொந்தரவைக் கிளப்பும்.