எழுத்தில் துரு ஒட்ட மாட்டேன் என்கிறதா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஊர்த் திருவிழா நாடகத்துக்கு 8 அடிக்கு 4 அடி ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். பின்னணியில் கரையில் ஏற்றிவைத்த பழைய வள்ளம். தலைப்பு துருப்பிடித்த இரும்பு எழுத்தாகத் தெரிய வேண்டும். போட்டோஷாப்பில் வெள்ளை எழுத்தின் மேல் துருப் படத்தை ஓவர்லே மோடில் (மேல் படம் அடியில் உள்ளதோடு கலக்கிற ஒரு விதம்) வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. மல்டிப்ளை என்ற இன்னொரு மோடில் வைத்தால் காவித் துணியில் வெட்டிய எழுத்து மாதிரி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பென் டிரைவில் டெக்ஸ்சர் பேக் (துரு மாதிரியான மேற்பரப்புப் படங்களின் தொகுப்பு) விற்கிறார். அதை வாங்கினால் சரியாகுமா?"

வாங்க வேண்டாம். இப்படி விற்கப்படும் பேக்குகளில் பெரும்பாலும் இணையத்தில் சும்மா கிடைக்கிற படங்களும், அடுத்தவர் எடுத்த படங்களும்தான் இருக்கும். நாளைக்கு உரிமை கேட்டு யாராவது வந்தால் விற்றவர் போனை எடுக்க மாட்டார். கூடவே 'கிராக்' செய்த போட்டோஷாப் இலவசம் என்பார்கள். அதோடு வைரஸும் இலவசம். மாதவாடகை கட்ட முடியாவிட்டால் ஜிம்ப் என்ற மென்பொருள் இருக்கிறது, காசே வேண்டாம். கீழே சொல்கிற லேயர் மாஸ்க், மோஷன் பிளர் எல்லாம் அதிலும் உண்டு.

ஓவர்லே ஏன் தெரியவில்லை? அது அடியில் இருக்கும் நிறத்தைப் பார்த்து வேலை செய்கிற மோடு. அடியில் சுத்த வெள்ளை இருந்தால் மேலே எதை வைத்தாலும் வெள்ளைதான், சுத்தக் கறுப்பும் அப்படியே. மாதக்கணக்கில் பீஸ் வாங்குகிற கோர்ஸ்களில் பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லித் தருகிறார்கள், இதைச் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் சிக்கல் மோடில் இல்லை. துருவை மேலே ஒட்டுகிறீர்கள். நிஜத்தில் பெயிண்ட் மேலே, துரு அடியில். லேயரையும் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிற படத் தாள்களை) அப்படியே அடுக்குங்கள். எழுத்து வடிவத்துக்குள் துருப் படத்தை நார்மல் மோடில் அடியில் வையுங்கள். அதன் மேல் அதே எழுத்து, நீலமோ பச்சையோ பெயிண்ட் நிறத்தில். பெயிண்ட் லேயருக்கு ஒரு மாஸ்க் (கறுப்பு பட்ட இடத்தை மறைக்கிற திரை) போட்டு, ஓரம் பிசிறடித்த பிரஷ்ஷில் கறுப்பை எடுத்து அங்கங்கே தேயுங்கள். தேய்த்த இடத்தில் பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கும்.

எங்கே தேய்ப்பது என்பதுதான் விஷயம். தண்ணீர் தேங்குகிற இடத்தில் துரு முதலில் பிடிக்கும். 'ப' என்றால் உள்ளே அடித்தட்டில், 'ட' என்றால் உள்மூலையில். வெல்டிங் ஓரம், நட்டு போல்ட்டைச் சுற்றி. எல்லா எழுத்திலும் ஒரே அளவு தேய்த்தால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் பெயிண்ட் லேயருக்கு பெவல் அண்ட் எம்பாஸ் (ஓரத்தை மேடாகக் காட்டுகிற எஃபெக்ட்), 3 அல்லது 4 பிக்ஸல் போதும். உரிந்த ஓரத்துக்குக் கனம் வந்துவிடும். துரு வழிந்த கறைக்குப் புது லேயரில் பழுப்புக் கோடு இழுத்து, மோஷன் பிளர் (ஒரே திசையில் இழுத்து மங்கலாக்குவது) 90 டிகிரி, அதாவது மேல்கீழாக, கொடுத்து, மல்டிப்ளையில் மங்கலாக வையுங்கள். பிளர் மேல்பக்கமும் இழுக்கும், அந்தப் பாதியை அழித்துவிடுங்கள். கறை மேலே ஏறாது.

ஒன்று முக்கியம். பின்னணி வள்ளம் ஃபைபரா? அப்படியானால் அதன் உடம்பில் துரு போடவே கூடாது. ஃபைபர் நிறம் மங்கும், கீறல் விழும், பாசி பிடிக்கும், ஆனால் துருப்பிடிக்காது. அதில் அடித்த இரும்பு போல்ட், வளையம், நங்கூரச் சங்கிலி துருப்பிடிக்கும். அங்கிருந்து வழிந்த பழுப்புக் கறை ஃபைபர் மேல் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். மர வள்ளமானாலும் ஆணித் தலையைச் சுற்றித்தான் கறை. வேறு ஊரில் இது தப்பிவிடும். ஃபிளெக்ஸ் முன்னால் நிற்கப்போவது கடலுக்குப் போகிறவர்கள். நாடகத்தை விட்டுவிட்டு உங்கள் வள்ளத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே வள்ளத்தில் போல்ட் எங்கெங்கே என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

துருப் படத்துக்கு எங்கேயும் தேட வேண்டாம். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இருக்கிறீர்கள். பழைய கேட், ஜன்னல் கம்பி, சின்னமுட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ கரையில் கிடக்கிற நங்கூரம் எல்லாமே டெக்ஸ்சர்தான். மேகம் மூடிய நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேருக்கு நேர் நின்று எடுங்கள். உச்சிவெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து வந்து, உங்கள் எழுத்தின் வெளிச்சத்தோடு சண்டை போடும்.

அளவு: இந்த ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 பிக்ஸல் வைத்தாலே அகலம் 6912, உயரம் 3456. பேக்கில் வருகிற 1024 பிக்ஸல் படத்தை இதற்கு இழுத்தால் துரு அல்ல, சேறு. 12 மெகாபிக்ஸல் போன் படமே ஏறக்குறைய 4000 பிக்ஸல் அகலம்தான், அதனால் இரண்டு மூன்று துண்டாக எடுத்து எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது முழு அளவு ஃபைலையே கொடுங்கள். "வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புங்க, மெஷின் பார்த்துக்கும்" என்பார்கள். மெஷின் ஒன்றும் பார்க்காது, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். திரையில் பளிச்சென்ற ஆரஞ்சு அச்சில் மங்கும், ஆகவே 'ப' எழுத்தை மட்டும் ஒரு அடித் துண்டாக அடித்து வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகு முழுதாக அடிக்கச் சொல்லுங்கள்.